பளிச்சென்று விழுந்த சித்தப்பா

இருபத்துமூன்று வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. இப்போது யாராவது மணி கேட்டால்கூட இரண்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இந்த மாற்றத்துக்குக் காரணம் என் அக்கா செல்வியின் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தவள் நான். யாரும் கூப்பிடாமல் முந்திக்கொண்டு வந்து, வேறு யாரையும் எடுக்கவிடாமல் தடுத்து, மொத்தத்தையும் கெடுத்து வைத்தேன். கெட்டது ஆல்பம் மட்டும் என்றால் இதை எழுதும்போது நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். எங்கள் அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். அதைத்தான் குறிபார்த்துக் கோட்டைவிட்டேன்.

எங்கள் ஊர் கிளாவரை. கொடைக்கானலில் பஸ் ஏறி, மன்னவனூர் தாண்டி, பூண்டி தாண்டி, "இதுக்கு மேல ரோடு இல்லம்மா, எறங்கு" என்று கண்டக்டர் சொல்கிற இடம். வீட்டுக்கு வீடு பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும்தான் பிழைப்பு. நான் மட்டும் கொடைக்கானலில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். அங்கே வந்து தங்குகிறவர்கள் கழுத்தில் தொங்கிய கேமராக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கினேன். அதோடு நின்றிருந்தால் நல்ல குடும்பத்துப் பெண் என்று பேர் எடுத்திருப்பேன். நிற்கவில்லை. லென்ஸ் வாங்கப் போனேன்.

கேமரா வாங்கினவர்கள் கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவார்கள். லென்ஸ் வாங்க ஆரம்பித்தவர்கள் தெளிந்து நான் பார்த்ததில்லை. ஆளின் முகம் மட்டும் துல்லியமாக விழுந்து, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து மங்கிப்போகும் பாருங்கள், அப்படி எடுக்கிற லென்ஸ் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. மதுரையில் பழைய லென்ஸ் விற்கும் கடையில் அப்படி ஒன்று கிடைத்தது. கடைக்காரர் நேர்மையான மனிதர். "வெளிச்சத்துல பிடிச்சு, உள்ள நல்லாப் பாத்துக்கம்மா" என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி, லென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பி, "ம்... பரவாயில்ல" என்றேன். (கண்ணாடியில் தெரிந்தது கடை மின்விசிறியின் நிழல் மட்டும்தான்.)

ஐப்பசியில் மழை பிடித்தது. கொடைக்கானலில் நான் குடியிருந்த அறையில் சுவரே பாசி பிடித்துக் கிடக்கும். லென்ஸ் மட்டும் தப்புமா? ஒருநாள் துடைக்க எடுத்துப் பார்த்தால், உள்ளே கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருந்தது. பதறிப்போய் மதுரையில் லென்ஸ் ரிப்பேர் செய்கிறவருக்குப் போன் போட்டேன்.

"அது பூஞ்சைம்மா. மலையில இருந்து வர்ற லென்ஸுக்கெல்லாம் உள்ள சீக்குதான். இப்ப ஓரத்துலதான இருக்கு, படத்துல விழாது. மழை விட்டதும் கொண்டாங்க, கழட்டித் துடைச்சுருவோம். அது வரைக்கும் ஈரம் படாம நல்லா காஞ்ச எடத்துல வைங்க."

அவர் சொன்னதில் "கொண்டாங்க" என்ற சொல் என் காதில் விழவில்லை. "காஞ்ச எடம்" மட்டும் நன்றாக விழுந்தது. நாலு பேரைக் கேட்டிருந்தால், டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு மூடி வை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கு எதற்கு நாலு பேர்?

மழைக்காலத்தில் கிளாவரையில் காய்ந்த இடம் எது என்று எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்லும். அடுப்படிப் பரண். விறகடுப்புக்கு நேர் மேலே மூங்கில் கட்டி, மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருப்போம். மாதக்கணக்கில் அடுப்புப் புகையும் சூடும் பட்டுப் பட்டு அது பழுப்பேறும். அப்புறம் எத்தனை மழைக்கும் அழுகாது, முளைக்காது. பூண்டுக்கு நல்லது என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்பது எங்கள் ஊர் மருத்துவம். விதை, தீப்பெட்டி, ரேஷன் கார்டு, அப்பாவின் ஒரே பட்டு வேட்டி எல்லாம் மழைக்காலத்தில் அந்தப் பரணில்தான் இருக்கும். நான் லென்ஸை ஊருக்குக் கொண்டுபோய், ஒரு மஞ்சப்பையில் போட்டு, இரண்டு பூண்டுக் கட்டுக்கு நடுவில் தொங்கவிட்டேன்.

கீழே நாள் முழுக்கச் சோறு கொதிக்கும், குழம்பு கொதிக்கும், குளிக்க வெந்நீர் கொதிக்கும். மேலே என் லென்ஸ் புகை குடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தடவை கேட்டாள். "ஏ புள்ள, கண்ணாடிச் சாமானாச்சே, சூடு தாங்குமா?"

"எம்மா, ஒனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

மார்கழியில் இறக்கிப் பார்த்தேன். நூல் நூலாக இருந்த பூஞ்சை கொஞ்சமும் பரவியிருக்கவில்லை. ஜெயித்துவிட்டேன்! மேலே லேசாகப் படிந்திருந்த புகையைத் துப்பட்டாவால் துடைத்தேன். வாசம்தான் போகவில்லை. லென்ஸைக் கேமராவில் மாட்டி முகத்தருகே கொண்டுபோனால் ரசச் சட்டியை எட்டிப் பார்ப்பது போல இருக்கும். வெளியே நல்ல வெயில். எதிர் மலையை ஒரு படம், எங்கள் மாட்டை ஒரு படம் எடுத்தேன். இரண்டும் அருமையாக வந்தன. விடுதியில் வேலை பார்த்தவர்களிடமெல்லாம் என் கண்டுபிடிப்பைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கன்னிவாடி. அங்கேயே மண்டபம் பிடித்திருந்தார்கள்.

"கலா, இது பெரிய சோலி. கொடைக்கானல் ஸ்டூடியோவுல சொல்லிருவோம். நீ ஒங்க அக்கா பக்கத்துல நின்னு சிரிச்சிட்டு இரு, போதும்" என்றார் அப்பா.

"எப்பா, ஸ்டூடியோக்காரங்க எடுத்தா எல்லாக் கல்யாணமும் ஒரே கல்யாணம் மாதிரி இருக்கும். நம்ம வீட்டு விசேஷத்தை நம்ம எடுத்தாத்தான் அழகு. எங்கிட்ட லென்ஸ் இருக்கு."

அந்த 'லென்ஸ் இருக்கு' என்பதை, வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது மாதிரி ஒரு தோரணையில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவாவது வைக்கலாமா என்று கேட்டார்கள். "வீடியோக்காரர் லைட் அடிச்சா என் படம் வெளுத்துரும்ங்க" என்று அதையும் தடுத்தேன். பாவம், படித்த பெண் சொல்கிறாளே என்று நம்பிவிட்டார்கள்.

அம்மா மட்டும் பேச்செல்லாம் ஓய்ந்த பிறகு என்னிடம் வந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு கலா. தங்கராசு வருவான். நானும் அவனும் நிக்கிற மாதிரி ஒரு படம். எங்க ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல ஒரு படம்கூடக் கெடையாது."

தங்கராசு மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெரும்பாறையில் காபியும் ஆரஞ்சும் போட்டிருக்கிறார். அம்மா கல்யாணத்தின்போது அவர் சின்னப் பையன். படம் எடுக்கும் நேரத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டாராம். அதற்கப்புறம் எடுக்க எத்தனையோ வருஷம் இருந்தது. ஆனால் நடுவில் கேரட் வந்துவிட்டது.

அது ஒரு பெரிய கதை. என் அப்பாவின் தம்பி பெருமாள் சித்தப்பாவும் தங்கராசு மாமாவும் சேர்ந்து ஒருமுறை ஒரே வண்டியில் சந்தைக்கு லோடு ஏற்றினார்கள். சித்தப்பாவின் கேரட், மாமாவின் ஆரஞ்சு. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டுமே கெட்டுப்போயிருந்தன. அவர் ஆரஞ்சு பறித்து முடிக்கும்வரை வண்டி காத்துக் கிடந்ததால்தான் என் கேரட் அழுகியது என்பது சித்தப்பா கட்சி. உங்கள் கேரட் தண்ணி விட்டு ஒழுகியதால்தான் என் ஆரஞ்சு நாசமானது என்பது மாமா கட்சி. இதைச் சொல்லிச் சொல்லி, சொல்லக் கூடாததையும் சொல்லி, அன்றைக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது அம்மா. கொழுந்தனையும் விட முடியாது, தம்பியையும் விட முடியாது. அக்கா கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து மாலை போட வேண்டுமென்று அப்பாவே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை என்று வந்து சொன்னார்.

வந்தார். கல்யாணத்தன்று வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து, உள்ளே வராமல், மண்டபத்து வாழைமரத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். யாரோ அம்மாவிடம் சொல்ல, கையில் அரைத்த சந்தனத்தோடு அப்படியே ஓடினாள். "ஏண்டா வெளிய நிக்கிற? வாடா" என்று சந்தனக் கையாலேயே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மாமா அக்காவுக்கு மாலை போட்டார். அக்கா அழுதாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. எனக்கு அபெர்ச்சர் கவலை, லென்ஸின் வாயை எவ்வளவு திறப்பது என்று.

"கலா!" என்று அம்மா கூப்பிட்டாள். "வெரசா வா. இப்ப எடு."

இரண்டு பேரும் மேடையில் நின்றார்கள். எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமா கொஞ்ச நேரம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரும் சொல்லாமல், தானாகவே, அம்மா தோளில் கையைப் போட்டார். அம்மா முகத்தை அதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததில்லை. என் பெரியம்மா மகன் குமார் செல்போனைத் தூக்கினான்.

"நானும் ஒண்ணு எடுத்துக்கிறேன்க்கா."

நான் திரும்பி, "குமாரு, போனை உள்ள வை. ஒரு கேமராவைப் பாத்தாத்தான் ரெண்டு பேரு கண்ணும் ஒரு பக்கம் இருக்கும். ஆளாளுக்குத் தூக்காதீங்க!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதட்டினேன். குமார் நல்ல பையன். உள்ளே வைத்துவிட்டான். இன்னும் இரண்டு பேர் தூக்கியிருந்தார்கள், அவர்களும் வைத்துவிட்டார்கள். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை போனையும் இறக்க வைத்துவிட்டு, பூண்டு வாசம் வீசிய என் லென்ஸை நீட்டினேன். மாமாவின் கண்ணைக் குறிவைத்து எடுத்தேன். இன்னொன்று. இன்னும் ஒன்று. மூன்றுக்கும் 'பீப்' என்று கேமரா சரி சொன்னது.

கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் இரண்டு பேர் முகத்திலும் ஒரு மிருதுவான ஒளி. அடடா, என்ன அழகு என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அது ஒளி இல்லை, கலங்கல் என்பது பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். பெரிதாக்கிப் பார்க்கிறவள் நான் இல்லை.

அன்று சாயங்காலமே அம்மா நச்சரிக்கத் தொடங்கினாள். "அதை வெரசா பெருசாப் போட்டுச் சட்டம் மாட்டி அவனுக்கு அனுப்பிரு. மனசு எளகியிருக்கப்பவே அவன் வீட்டுச் சொவத்துல அது ஏறிரணும்." நானும் படத்தைப் போனுக்கு மாற்றி, வத்தலக்குண்டில் பிரிண்ட் போடும் கடைக்கு அனுப்பி, ஒன்று பெரும்பாறை பஸ்ஸிலும் ஒன்று எங்களுக்கும் அனுப்பச் சொன்னேன். மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். இதுல பின்னாடி நிக்கிறாரே, அவருதான் முக்கியமானவரா?"

"ஏங்க, முன்னாடி நிக்கிறவங்கதான் முக்கியம். அது ஒரு ஸ்டைலுங்க. நீங்க பிரிண்ட் போடுங்க."

"சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வில் இருந்த இரக்கம் எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் மாமாவிடமிருந்து போன். அம்மா சந்தோஷத்தில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அடுப்படியில் அப்பா, சித்தப்பா, நான், எல்லோரும் இருந்தோம்.

"அக்கா, படம் வந்துச்சு. ஒன் கொழுந்தனாரு படத்தை எனக்கு எதுக்கு அனுப்புன? மாட்டி வச்சுக் கும்பிடவா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா சொல்ற? அது நம்ம படம்டா."

"நம்மளா? நம்ம எங்க இருக்கோம் அதுல? நீயும் நானும் புகைக்குள்ள நிக்கிறாப்புல நிக்கிறோம். எனக்குப் பின்னாடி அந்தாளு பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரு. அவரு பல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. என்னைய வரச் சொல்லி, மேடையேத்தி, பின்னாடி ஆளை நிப்பாட்டிச் சிரிச்சு, அதைச் சட்டம் போட்டு வேற அனுப்பியிருக்கீங்க. போதும்க்கா."

போனை வைத்துவிட்டார். சித்தப்பா, "ஏலே, நான் தேங்காத் தட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்லே! தம்பி தங்கராசு வந்துட்டாரேன்னு சந்தோசத்துல சிரிச்சேன்!" என்று அணைந்த போனைப் பார்த்துக் கத்தினார். உண்மையாகவே அப்படித்தான். அந்த மனிதர் மனசாரச் சந்தோஷப்பட்டுச் சிரித்த ஒரே தடவை அது.

எங்களுக்கான பிரிண்ட் மத்தியானம் பஸ்ஸில் வந்தது. பிரித்தோம். மாமா சொன்னதில் ஒரு சொல் மிகையில்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்தால் தெளிந்துவிடும் என்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள். சட்டத்தை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு, அடுப்பை ஊதப் போனாள்.

அப்புறம்தான் மற்ற படங்களை லேப்டாப்பில் திறந்தேன். தாலி கட்டும் படத்தில் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் அற்புதம். அட்சதை போடும் படத்தில் சுவரில் தொங்கிய, தீயை அணைக்கும் சிவப்பு உருளையில் எழுதியிருந்ததை வாசிக்க முடிந்தது. மண்டபத்துக்குள் நான் எடுத்ததில் முன்னால் நின்ற ஒருத்தர் முகமும் தேறவில்லை. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நாத்தனாருங்க எல்லாம் ஆல்பம் எங்கன்னு கேக்குறாங்க. நாதஸ்வரக்காரரைக் கட்டிக்கிட்டேன்னு சொல்லவா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர். அக்காவைத் திரும்பவும் கூரைப்புடவை கட்டச் சொல்லி, தானும் பட்டு வேட்டி கட்டி, ஒரு ஸ்டூடியோக்காரரை வைத்து ஏரிக்கரையில் நின்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆல்பம் கிடைத்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்படி இன்னொரு தடவை நிற்க வழியில்லை.

எப்படி இந்தக் கதி வந்தது என்று அப்பாதான் கண்டுபிடித்தார். "அந்தப் பரண்ல வச்சா பச்சைப் பூண்டே வதங்கிப்போகுது. கண்ணாடி என்னத்துக்கு ஆகும்?"

நேரில் போய் விளக்கினால் மாமாவுக்குப் புரியும் என்று நினைத்தேன். என் அறிவின் மேல் அப்போதும் எனக்கு நம்பிக்கை போகவில்லை பாருங்கள். கேமராவையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு பெரும்பாறைக்குப் போனேன். மாமா வாசலில் காபிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "வாம்மா" என்றார். அத்தை காபி கொடுத்தாள். சித்தப்பா வேண்டுமென்று செய்யவில்லை, நானும் வேண்டுமென்று செய்யவில்லை, லென்ஸ் கெட்டுப்போய்விட்டது, முகத்தைக் குறிவைத்தால் அது பின்னால் போய் நிற்கிறது என்றேன்.

"அது எப்படிக் கெட்டுச்சு?"

"சூடு பட்டுருச்சு மாமா."

"எங்க வச்ச?"

"பூண்டுப் பரண்ல."

மாமா கொட்டை தள்ளுகிற பலகையைக் கீழே வைத்தார். "ஏம்மா கலா. நான் படிக்காதவன்தான். அதுக்காக என்னைய இவ்வளவு மட்டமா நெனைக்காத. கேமராக் கண்ணாடியை எவளாச்சும் பூண்டோட தொங்கப் போடுவாளா? வேற ஏதாச்சும் சொல்லு, நம்புறேன்."

சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆனால் வெளியே சொல்லிக் கேட்டபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. "நிரூபிக்கிறேன் மாமா" என்று வீராப்பாகக் கேமராவைத் தூக்கினேன். அவரை அப்படியே நிற்கச் சொன்னேன். பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரம். அவர் முகத்தைக் குறிவைத்தேன். முகம் மங்கி, கொடி தெளிவாக விழும், மாமாவுக்குப் புரிந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. எடுத்தேன். இந்த முறை பெரிதாக்கியும் பார்த்தேன்.

படம் அருமையாக விழுந்திருந்தது. மாமாவின் முகத்தில் ஒவ்வொரு மயிரும், நெற்றி வியர்வையும், கண்ணில் இருந்த கோபமும் துல்லியம். பின்னால் மிளகுக் கொடியும் துல்லியம். மாமா எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான எடுக்குது?" என்றார். "அப்ப அன்னைக்கு மட்டும்தான் அதுக்கு என்னையப் பிடிக்கல."

அவர் திரும்பிப்போய்க் கொட்டையைத் தள்ள ஆரம்பித்தார். அத்தை பஸ் நேரத்தைச் சொன்னாள்.

ஏன் அப்படி ஆனது என்று மதுரையில் ரிப்பேர்க்காரர் பிறகு சொன்னார். லென்ஸைக் கழற்றினதும் முதலில் மூக்கைச் சுளித்து, "இதுல என்னம்மா தாளிச்சீங்க?" என்றார். அப்புறம், "உள்ள ஒட்டு எளகி ஒரு கண்ணாடி துளி நகந்திருக்கு. நல்ல வெயில்ல எடுத்தா லென்ஸு வாயைச் சுருக்கிக்கிரும். முன்னாடி பின்னாடி எல்லாமே தெளிவா விழும், குத்தம் தெரியாது. மண்டபம் மாதிரி வெளிச்சம் கம்மியான எடத்துல முழுசாத் தெறந்து எடுத்தீங்கன்னாத்தான் மாட்டும்" என்றார். என் எதிர் மலையும் எங்கள் மாடும் ஏன் அவ்வளவு அழகாக விழுந்தன என்று அப்போதுதான் புரிந்தது. மாமாவை நான் வீட்டுக்குள்ளே உட்கார வைத்து எடுத்திருக்க வேண்டும். ஒரு வாசற்படி தாண்டியிருந்தால் போதும். இதை விளக்க இன்னொரு தடவை பெரும்பாறை போக எனக்குத் துணிவில்லை.

அடுத்து வந்தது என் கல்யாணம். மாமா வரவில்லை. அப்பா போய் அழைத்தார், அக்கா போய் அழைத்தாள், சித்தப்பாவே போனில் கூப்பிட்டார். வரவில்லை. தாய்மாமன் மாலையை அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வந்து போட்டார். நல்ல மனிதர்தான். மாலை கழுத்தில் விழும்போது நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் அழுததைப் புருஷன் வீட்டுக்குப் போகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அக்கா மகனுக்குக் காது குத்தினபோதுதான் மாமா மனசு மாறி வந்தார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்துவிட்டு, வருவேன் என்று சொல்லும்வரை எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். வந்தவர் நன்றாகப் பேசினார், சாப்பிட்டார், சித்தப்பாவிடம் கேரட் விலைகூடக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து குரூப் போட்டோ எடுத்தோம். (எடுத்தது ஸ்டூடியோக்காரர். என்னைக் கேமரா பக்கமே விடவில்லை.) அம்மா முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டி, "தங்கராசு, இங்க வாடா" என்றாள்.

மாமா நேராகப் பின்வரிசைக்குப் போனார். "நான் பின்னாடியே நின்னுக்கிறேன்க்கா. இந்தக் குடும்பத்துல பின்னாடி நிக்கிறவனுக்குத்தான் மவுசு" என்றார்.

வெடித்துச் சிரித்தார்கள். சித்தப்பா, "அப்ப நான் மட்டும் இளிச்சவாயனா?" என்று அவர் பக்கத்தில் ஓடிப்போய் நின்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போட்டோ என்றாலே இதுதான் நடக்கிறது. யாராவது கேமராவைத் தூக்கினால் அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்கு ஓடுவார்கள். முன்னால் காலி நாற்காலிகளைப் பார்த்து, வருகிற போட்டோக்காரர்களெல்லாம் முழிக்கிறார்கள். என் புருஷன் வீட்டு ஆட்களுக்குக்கூட இது பழகிவிட்டது. நானும் சிரிக்கிறேன், சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

காது குத்துப் படத்தில் மாமாவும் சித்தப்பாவும் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், ரொம்பத் தெளிவாக. அம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவளும் தெளிவு. நடுவில் மூன்று வரிசை சொந்தக்காரர்கள். அன்றே நான் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க மாமா, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்டேன். "அட போம்மா, அதான் எடுத்தாச்சுல்ல" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை கேட்டிருப்பேன்.

அரிசி மூட்டை மேல் வைத்த அந்த மங்கிப்போன படத்தை அம்மா பிறகு எடுத்துச் சுவரில் மாட்டினாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "எம்மா, இதைக் கழட்டிட்டுக் காது குத்துப் படத்தை மாட்டுறேன். அதுல ரெண்டு பேரும் நல்லாத் தெரியுறீங்க" என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அதை எறக்காத. அதுலதான் அவன் கை எந்தோள்ல கெடக்கு" என்றாள்.